அம்மாவின் ஸ்கேன் அறிக்கையில் ஒரு "தீங்கற்ற கட்டி", ஒரு "சிரை மாறுபாடு": எதற்குப் பயப்பட வேண்டும்?

தேனிமலர் | திங்கள், காலை 7.40

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 61. மூன்று வாரங்களுக்கு முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து பின்தலையில் அடிபட்டதால் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். அடிபட்ட இடத்தில் ரத்தக்கசிவு எதுவும் இல்லை. ஆனால் அடிக்குத் தொடர்பே இல்லாத முன்பக்கத்தில் ஏதோ தெரிகிறது, மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுங்கள் என்று சொன்னார்கள். எடுத்தோம். அறிக்கையின் முடிவில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. இடது நெற்றிப் பக்கத்தில், மண்டையோட்டின் உட்புறத்தை ஒட்டி, 2.3 செ.மீ. அளவில் ஒரு மெனிஞ்சியோமா. சுற்றியுள்ள மூளையில் வீக்கம் இல்லை. அதற்கடுத்த வரியில், வலது சிறுமூளையில் பிறவியிலேயே அமைந்த சிரை மாறுபாடு ஒன்று.

எங்கள் ஊர் மருத்துவர் படித்துவிட்டு, "இது கேன்சர் இல்லை, சாதாரணக் கட்டிதான், இருந்தாலும் ஒரு நியூரோ சர்ஜனிடம் காட்டிவிடுங்கள்" என்றார். அந்த வாக்கியத்தின் முதல் பாதியை அப்பா பிடித்துக்கொண்டார், இரண்டாம் பாதியை அம்மா பிடித்துக்கொண்டார். தலையைத் திறந்தால் ஆள் பழையபடி எழுந்து வருவதில்லை என்கிறார் பெரியப்பா. கட்டி என்று தெரிந்த பிறகு ஒரு நாள்கூட உள்ளே விட்டுவைக்கக் கூடாது என்கிறார் மாமா. எனக்கோ கட்டியைவிட அந்த இரண்டாவது வரிதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. ரத்தக்குழாயில் மாறுபாடு என்றால் அது எந்த நேரமும் வெடிக்கலாம் என்றுதானே பொருள்? நிபுணரைப் பார்க்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் நாங்கள் எதைப் புரிந்துகொண்டு போக வேண்டும் என்று, அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


நிழற்படம் | திங்கள், பிற்பகல் 2.15

நான் ரேடியாலஜி மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். உங்கள் அம்மாவின் படத்தை நான் பார்க்கவில்லை. ஆகவே அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அந்த இரண்டு வரிகளில் உள்ள சொற்களுக்கு என்ன பொருள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிறவிச் சிரை மாறுபாடு என்பது நோயே இல்லை. மூளையின் ஒரு சிறு பகுதியிலிருந்து அசுத்த ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் மெல்லிய சிரைகள், தனித்தனி வழியில் போகாமல், பனையோலை விசிறியின் நரம்புகள் காம்பில் வந்து சேர்வதுபோல ஒரே பெரிய சிரையில் வந்து சேர்ந்திருக்கும். அமைப்பு வேறு, ஆனால் வேலை சரியாக நடக்கிறது. நூறு பேரை ஸ்கேன் எடுத்தால் ஏறக்குறைய இரண்டு மூன்று பேரிடம் இது இருக்கும். அதில் ஓடுவது சிரையின் குறைந்த அழுத்தம்தான், தமனியின் வேகம் இல்லை. ஆகவே அது வெடிப்பது மிக மிக அரிது. இதைவிட முக்கியமானது, அந்த இடத்து நல்ல மூளைக்கு அதுதான் வடிகால். அதை அடைத்தாலோ எடுத்தாலோ வடிகால் இல்லாமல் அந்தப் பகுதி வீங்கிக் கெட்டுவிடும். எனவே அதைத் தொடாமல் விடுவதே முறை. ஒன்றை மட்டும் நிபுணரிடம் கேளுங்கள்: ரத்தக் கறையைக் காட்டும் தனி வகை எம்.ஆர்.ஐ. படத்தில், அந்தச் சிரைக்குப் பக்கத்தில் கேவர்னோமா, அதாவது மெல்லிய சுவருள்ள சிறு ரத்தக்குழாய்களின் கொத்து, எதுவும் இருக்கிறதா? சில வேளைகளில் அவை இரண்டும் அருகருகே இருக்கும். அறிக்கையில் எழுதப்படவில்லை என்றால் பெரும்பாலும் இல்லை என்றே பொருள்.

இனி முதல் வரி. மெனிஞ்சியோமா மூளையிலிருந்து முளைப்பதில்லை. மூளையைப் போர்த்தியிருக்கும் உறைகளின் உயிரணுக்களிலிருந்து வளர்ந்து, மூளையை வெளியிலிருந்து அழுத்துகிறது. மண்டைக்குள்ளேயே தோன்றும் கட்டிகளில் மிகுதியாகக் காணப்படுவது இதுதான். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது. ஐந்தில் நான்கு பங்கு முதல் தரத்தைச் சேர்ந்தவை, அதாவது மெதுவாக வளர்பவை, வேறு உறுப்புகளுக்குப் பரவாதவை. "தீங்கற்றது" என்று நாம் எழுதுவது இந்த இயல்பைத்தான்.

ஆனால் அந்தச் சொல் உயிரணுவின் குணத்தைச் சொல்கிறதே தவிர, அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. முதுகில் எலுமிச்சை அளவு கொழுப்புக் கட்டி இருந்தால் தோல் விரிந்து இடம் கொடுக்கும். மண்டையோடு விரியாது. ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கொள்ளும் மூடிய பெட்டி அது. மூளை, ரத்தம், மூளைத் தண்டுவட நீர் ஆகிய மூன்றும் அதை நிறைத்திருக்கின்றன. நான்காவதாக ஒன்று உள்ளே வந்தால் முதலில் நீரும், பிறகு சிரை ரத்தமும் ஒதுங்கி இடம் விடுகின்றன. கட்டி பல ஆண்டுகளில் மெல்ல வளர்ந்தால் இந்த ஏற்பாடு வெகுகாலம் தாங்கும். அதனால்தான் நெற்றிப் பகுதியில் எலுமிச்சை அளவு மெனிஞ்சியோமாவோடு வீட்டு வேலை முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் படங்களை நான் பார்த்திருக்கிறேன். அதே கட்டி பார்வை நரம்புக்கு அருகில் இருந்தால் வேர்க்கடலை அளவே போதும், தொல்லை தொடங்கிவிடும்.

மெனிஞ்சியோமா என்ற பெயரை 1922-ல் வைத்தவர் அமெரிக்க அறுவை நிபுணர் ஹார்வி குஷிங். அவர் 1910-ல் லெனார்ட் வுட் என்ற படைத்தளபதிக்கு இத்தகைய கட்டி ஒன்றை எடுத்தார். வுட் அதன்பின் பிலிப்பைன்சின் கவர்னர் ஜெனரலாகவும் பணியாற்றினார். கட்டி திரும்ப வளர்ந்து, 1927-ல் குஷிங்கே செய்த மறு அறுவைக்குப் பின் இறந்தார். இடையில் பதினேழு ஆண்டுகள். தீங்கற்றது என்ற சொல்லுக்கு உள்ள நம்பிக்கையும் எல்லையும் இரண்டும் அந்த ஒரு வாழ்க்கையில் இருக்கின்றன என்று நான் நினைப்பதுண்டு. அன்று ஸ்கேன் கிடையாது, நுண்ணோக்கி வைத்துச் செய்யும் மூளை அறுவை கிடையாது. இன்று உங்கள் அம்மாவுக்கு இருப்பதுபோல மேற்பரப்பில் உள்ள கட்டி, அறுவை தேவைப்பட்டால், வேரோடு எடுப்பதற்கு மிகவும் வசதியான இடத்தில் இருப்பது.


பொன்னிநதி | திங்கள், இரவு 8.50

டாக்டர் ஐயா எழுதியதில் ஒரு வரியை நான் இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதை எங்கள் வீட்டில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

என் அக்காவுக்கு வலது கண் மங்கத் தொடங்கியபோது 52 வயது. முதலில் கண்ணாடியின் பவரை மாற்றினார்கள். பிறகு கண்புரை என்று சொல்லி அறுவை செய்தார்கள். லென்ஸ் வைத்த பிறகும் பார்வை தெளியவில்லை. "உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது, போகப் போகத் தெளியும்" என்று சொல்லியே எட்டு மாதங்கள் கழிந்தன. இடது கண்ணின் வெளிப்பக்கமும் மறைவதாக அவர் சொன்ன பிறகுதான், வேறொரு கண் மருத்துவர் பார்வைப் புலச் சோதனை செய்து உடனே எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினார். பிட்யூட்டரி சுரப்பிக்குச் சற்று முன்னால், பார்வை நரம்புகள் சேரும் இடத்திற்குக் கீழே, 1.8 செ.மீ. மெனிஞ்சியோமா இருந்தது. உங்கள் அம்மாவுடையதைவிடச் சிறியது. முதல் தரம்தான், தீங்கற்றதுதான். அறுவையில் இடது கண் காப்பாற்றப்பட்டது. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

கண்ணாடி மாற்றியும் தெளியாத பார்வை, புரை எடுத்தும் தெளியாத பார்வை, இவற்றைப் பார்த்தால் கண்ணுக்குப் பின்னால் உள்ள நரம்பையும் சோதிக்கச் சொல்லுங்கள் என்பதுதான் இந்த இழையைப் படிக்கும் எல்லோரிடமும் என் வேண்டுகோள். "கேன்சர் இல்லை" என்று கேட்டவுடன் எங்கள் வீட்டில் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். அதன் பிறகு இரண்டு மாதம் அறுவையைத் தள்ளிப்போட்டோம். அந்த இரண்டு மாதத்தில் எவ்வளவு பார்வை போயிற்று என்று கணக்கிட்டுச் சொல்ல யாராலும் முடியாது. சகோதரி, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.


கார்முகில் | செவ்வாய், காலை 6.30

பொன்னிநதி அம்மா, உங்கள் அக்காவுக்கு நேர்ந்தது மனத்தை வருத்துகிறது. ஆயினும் "தள்ளிப்போடாதீர்கள்" என்ற அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது. சோம்பலினாலோ பயத்தினாலோ தள்ளிப்போடுவது வேறு. முறையாக அளந்து பார்த்துக்கொண்டு காத்திருப்பது வேறு. நான் நான்கு ஆண்டுகளாக இரண்டாவதைச் செய்துகொண்டிருக்கிறேன்.

எனக்கு இடது காதின் சமநிலை நரம்பில் ஷ்வான்னோமா இருக்கிறது. நரம்பைச் சுற்றியுள்ள உறையின் உயிரணுக்களிலிருந்து வளரும் தீங்கற்ற கட்டி அது. தொலைபேசியை இடது காதில் வைத்தால் குரல் கேட்கிறது, சொல் புரியவில்லை என்பதுதான் முதல் அறிகுறி. கூடவே ஓயாத இரைச்சல். ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் குறைந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும் என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் பிடிவாதமாக இருந்தார். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். கட்டி 11 மி.மீ. இருந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் 12 மி.மீ.தான்.

இந்த வகைக் கட்டிகளில் பல ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. சில வளர்வதே இல்லை. அறுவை செய்தால் அதே குழாய் வழியாகச் செல்லும் முக நரம்புக்குப் பாதிப்பு வரலாம், எஞ்சியுள்ள கேட்கும் திறனும் போகலாம். காமா நைஃப் என்பது கத்தி வைக்காமல், கோபால்ட் கதிர்கள் 192-ஐ ஒரே புள்ளியில் குவித்துச் செய்யும் சிகிச்சை. சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் லெக்செல் 1951-ல் முன்வைத்த கருத்திலிருந்து 1968-ல் உருவான கருவி அது. அது கட்டியைக் கரைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் நோக்கம் வளர்ச்சியை நிறுத்துவதே. வளராத கட்டிக்கு வளர்ச்சியை நிறுத்தும் சிகிச்சை எதற்கு என்று என் மருத்துவர் கேட்டது எனக்கு நியாயமாகப் பட்டது. வளர்ந்தால் செய்துகொள்வேன்.


பொன்னிநதி | செவ்வாய், காலை 9.05

நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், ஐயா. எங்கள் அக்காவுக்கு அறிகுறி இருந்தது, அது வளர்ந்துகொண்டும் இருந்தது. அறிகுறி இல்லாமல் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட கட்டிக்கு அதே அவசரம் இல்லை என்பதை நான் எழுதியிருக்க வேண்டும்.


மருதநிலம் | செவ்வாய், மாலை 5.20

தலைக்குள் உள்ளவற்றைப் பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள். தண்டுவடத்தைப் பற்றி யாராவது எழுத மாட்டார்களா என்று இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அப்பாவின் கதையைச் சொல்கிறேன். படிக்கிற ஒருவருக்காவது பயன்பட்டால் போதும்.

அப்பா 58 வயது வரை வயலில் நின்றவர். ஒரு நாள் வரப்பில் நடந்துகொண்டிருக்கும்போது இரண்டு கால்களும் கனத்துப்போயின என்றார். உட்கார்ந்து எழுந்தால் சரியாகிவிட்டது. பிறகு அது அடிக்கடி வந்தது. நடக்க நடக்கக் கனம் கூடும், ஓய்வெடுத்தால் குறையும். பாதத்தில் மரமரப்பு. இடுப்பில் எம்.ஆர்.ஐ. எடுத்து, கீழ் முதுகில் ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். அந்த வயதில் எடுக்கிற முக்கால்வாசிப் பேருக்கு ஏதாவது ஒரு ஜவ்வு விலகித்தானே இருக்கும். பெல்ட் போட்டார், பிசியோதெரபிக்குப் போனார், ஊசி போட்டார்கள். குறையவில்லை. ஒரு மருத்துவமனையில் தண்டுவட வீக்கம் என்று சொல்லி ஸ்டீராய்டு மருந்தைச் சிரை வழியாக ஏற்றினார்கள். அன்று இரவே கால்களை அசைக்க முடியவில்லை. சிறுநீர் நின்றுபோய்க் குழாய் வைக்க வேண்டியதாயிற்று. மருந்தை நிறுத்திய பிறகு கொஞ்சம் அசைவு திரும்பியது. ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டோம். நோய் முற்றிவிட்டது என்றார்கள்.

வேறொரு ஊரில் ஓர் இளம் நரம்பியல் மருத்துவர்தான், அப்பா சொன்ன இரண்டு செய்திகளை நிறுத்திக் கேட்டார்: நடந்தால் கூடுகிறது, ஸ்டீராய்டு ஏற்றியதும் மோசமானது. உடனே மேல்முதுகு வரை முழுத் தண்டுவடத்துக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். தண்டுவடத்தின் கீழ்ப்பாதி வீங்கி வெளுத்திருந்தது. அதன் பின்புறத்தில் புழுக்கள் ஊர்ந்ததுபோல் கறுப்புப் புள்ளிகள். தண்டுவட உறையில் தமனியும் சிரையும் நேராக இணைந்துவிட்ட குறைபாடு என்றார். தொடையிலிருந்து குழாய் விட்டு ஆஞ்சியோகிராம் செய்தபோது, முதுகெலும்பின் ஒவ்வொரு மட்டத்திலும் உள்ள தமனியைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருந்ததால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இணைப்பு கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு சிறிய அறுவையில் அந்த ஒற்றைச் சிரையைத் துண்டித்தார்கள்.

முதல் அறிகுறியிலிருந்து அந்த அறுவை வரை இருபது மாதங்கள். இன்று அப்பா ஊன்றுகோலுடன் நடக்கிறார். சிறுநீருக்கு இன்னமும் குழாய் விட்டு எடுக்க வேண்டியிருக்கிறது. ஆறு மாதத்தில் கண்டுபிடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காத நாள் இல்லை.


நிழற்படம் | செவ்வாய், இரவு 9.40

மருதநிலம் ஐயா, உங்கள் பதிவைப் பலமுறை படித்தேன். ரத்தக்குழாய்க் குறைபாடுகளில் மிக எளிதாகச் சரிசெய்யக்கூடியதும், மிகத் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதும் இதுவே. இது பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்த ஆண்களுக்கு வருகிறது. ஐந்து பேரில் நான்கு பேர் ஆண்கள். கால் கனம், முதுகு வலி, ஜவ்வு விலகல் என்று எல்லாமே அந்த வயதுக்கு இயல்பானவையாகத் தோன்றுவதால் யாருடைய கண்ணும் மேலே போவதில்லை. தண்டுவடம் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. இடுப்பு ஸ்கேனில் அதன் நுனி மட்டும் மேலோரத்தில் தெரியும். அந்த நுனியைப் பார்க்காமல் அறிக்கை எழுதினால் நோய் தப்பிவிடுகிறது. இதை என் துறையினருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நடப்பது என்ன என்றால், தண்டுவட உறையில் ஒரு சிறு தமனி, இடையில் இருக்க வேண்டிய மயிரிழை போன்ற தந்துகிகளைத் தாண்டிச் சிரையில் நேராகக் கொட்டுகிறது. இங்கே ரத்தம் கசிவது அபூர்வம். கெடுதல் வேறு வழியில் வருகிறது. சிரையில் அழுத்தம் ஏறியதும் தண்டுவடத்திலிருந்து ரத்தம் வடிய முடிவதில்லை. வாய்க்காலின் கடைமடை அடைபட்டால் வயலில் நீர் தேங்கிப் பயிர் அழுகுவது போன்றது. நடக்கும்போதும் உழைக்கும்போதும் தமனி அழுத்தம் கூடுகிறது, அந்த அழுத்தம் நேராகச் சிரைக்குப் போகிறது, கால் கனக்கிறது. ஸ்டீராய்டு கொடுத்த பின் இத்தகையவர்கள் திடீரென மோசமாவது மருத்துவ ஏடுகளில் பலமுறை பதிவானது. பிரான்சில் ஃபுவா, அலஜுவானின் என்ற இருவர் 1926-ல் இத்தகைய தண்டுவடச் சிதைவை விவரித்தார்கள். அது ரத்தக்குழாய் இணைப்பினால் வருவது என்ற புரிதல் பிற்பாடு வந்தது.

தண்டுவடத்தின் தீங்கற்ற கட்டிகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அங்கே பெரும்பாலும் காண்பவை நரம்பு வேரில் வளரும் ஷ்வான்னோமாவும், நடுமுதுகில், குறிப்பாகப் பெண்களுக்கு, வரும் மெனிஞ்சியோமாவும். இரண்டும் தண்டுவடத்துக்கு வெளியே இருந்து அழுத்துபவை. படுத்தால் கூடும் முதுகு வலி, இரவில் எழுப்பிவிடும் வலி, கால்களில் விறைப்பு, இருட்டில் நடக்கும்போது தள்ளாட்டம் ஆகியவை வந்தால் இடுப்பை மட்டும் படம் எடுத்து நிறுத்தக் கூடாது. இவற்றை எடுத்த பிறகு, நடக்கவே முடியாமல் வந்தவர்கள்கூட நடந்து போனதைக் கண்டிருக்கிறேன். முதுகெலும்புக்குள் "ஹீமாஞ்சியோமா" என்று அறிக்கையில் வருவது வேறு. பத்தில் ஒருவரிடம் காணப்படும் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் எந்தத் தொல்லையும் தருவதில்லை.


தணிகை | புதன், காலை 11.10

எனக்கு 29 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வலிப்பு வந்ததால் ஸ்கேன் எடுத்தபோது, வலது பக்கத்தில் 2.5 செ.மீ. ஏ.வி.எம். இருப்பது தெரிந்தது. தமனிகள் தந்துகிகள் இல்லாமல் ஒரு முடிச்சின் வழியாகச் சிரைகளில் போய்ச் சேரும் அமைப்பு அது. மருதநிலம் ஐயாவின் அப்பாவுக்கு இருந்ததைப் போலன்றி, இது ரத்தம் கசியக்கூடியது. ஆண்டுக்கு நூற்றில் இரண்டு முதல் நான்கு வரை வாய்ப்பு என்று எனக்குச் சொன்னார்கள். ஆண்டுக்கு இரண்டு என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். இன்னும் நாற்பது ஆண்டு வாழ நினைப்பவனுக்கு அது சிறிய எண் இல்லை.

நான் ஒருவரிடம் அறுவை என்றும், ஒருவரிடம் காமா நைஃப் என்றும், ஒருவரிடம் எதுவும் செய்யாதே என்றும் கேட்டேன். மூன்றாமவர் 2014-ல் வெளியான அரூபா என்ற ஆய்வைக் காட்டினார். ரத்தம் கசியாத ஏ.வி.எம். உள்ள 226 பேரில், மருந்து மட்டும் கொடுத்தவர்களில் பத்து விழுக்காட்டினருக்கும், ஏதேனும் ஒரு சிகிச்சை செய்தவர்களில் முப்பது விழுக்காட்டினருக்கும் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது என்று அதில் இருந்தது. படித்த இரவு மிகவும் குழம்பிப்போனேன். பிறகுதான் அவர்களைச் சராசரியாக 33 மாதங்களே கவனித்தார்கள் என்பதை இன்னொருவர் எடுத்துச் சொன்னார். சிகிச்சையின் ஆபத்து முதல் ஆண்டிலேயே வந்துவிடுகிறது. சும்மா இருப்பதன் ஆபத்து ஆயுள் முழுவதும் பரவிக் கிடக்கிறது. அறுபத்தைந்து வயதானவருக்கும் எனக்கும் அந்த ஆய்வு ஒரே விடையைத் தர முடியாது.

ஸ்பெட்ஸ்லர், மார்ட்டின் என்ற இருவர் 1986-ல் வகுத்த தரப்படி, அளவு, பேச்சு அசைவு போன்ற முக்கியப் பகுதியில் இருக்கிறதா என்பது, ஆழமான சிரையில் வடிகிறதா என்பது ஆகிய மூன்றையும் வைத்து ஏ.வி.எம்.மை மதிப்பிடுகிறார்கள். அளவு சிறிதுதான் என்றாலும், கையை அசைக்கும் பகுதியின் விளிம்பில் இருந்ததால் நான் காமா நைஃப் செய்துகொண்டேன். முடிச்சு முழுவதும் அடைபட இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை கசியும் ஆபத்து குறைந்துவிட்டதாக எண்ணக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதைக் கதிர்ச் சிகிச்சைக்கு முன்பே சொன்ன மருத்துவரை நான் நம்புகிறேன்.


தேனிமலர் | புதன், இரவு 10.25

எல்லோருக்கும் என் நன்றி. மருதநிலம் ஐயாவின் பதிவை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. அம்மா, "நான் என்ன செய்து இதை வரவழைத்துக்கொண்டேன்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். செல்போனால் வந்தது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். ஹார்மோன் ஊசிக்கும் இந்தக் கட்டிக்கும் தொடர்பு உண்டு என்று படித்தேன். என் தங்கை கருத்தடைக்காக மூன்று மாத ஊசி போட்டுக்கொள்கிறாள். அவளுக்கும் பயம் வந்துவிட்டது.


நிழற்படம் | வியாழன், காலை 8.00

அம்மாவிடம் சொல்லுங்கள்: அவர் எதையும் வரவழைத்துக்கொள்ளவில்லை. மெனிஞ்சியோமா வந்த பெரும்பாலோருக்குக் காரணம் என்று கைநீட்டிக் காட்ட எதுவும் இல்லை. உறுதியாகத் தெரிந்த காரணம் சிறுவயதில் தலைக்குக் கொடுத்த கதிர்வீச்சு. 1950-களில் இஸ்ரேலில், தலையில் படர்தாமரை வந்த பல்லாயிரம் குழந்தைகளுக்கு முடி உதிரக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து அவர்களிடம் மெனிஞ்சியோமா பல மடங்கு கூடியிருப்பது தெரியவந்தது. 22-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுக் கோளாறினாலும் வரலாம். அதில் இரு காது நரம்புகளிலும் ஷ்வான்னோமாக்கள் சேர்ந்து வரும். செல்போனை இந்த வரிசையில் வைக்கச் சான்று இல்லை.

தங்கையின் கேள்வி நியாயமானது. இந்தக் கட்டிகள் பலவற்றில் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோனை ஏற்கும் வாயில்கள் உள்ளன. 2024-ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், மூன்று மாதக் கருத்தடை ஊசியான மெட்ராக்சிபுரோஜெஸ்ட்ரோனை ஓராண்டுக்கு மேல் பயன்படுத்திய பெண்களிடம், அறுவை தேவைப்பட்ட மெனிஞ்சியோமா ஐந்து மடங்குக்கும் மேல் காணப்பட்டது. நம் அரசு மருத்துவமனைகளில் 2017 முதல் "அந்தரா" என்ற பெயரில் போடப்படுவதும் அதே மருந்துதான். ஆனால் மிக அரிதான ஒன்று ஐந்து மடங்கானாலும் அரிதாகவே இருக்கும். எனவே அவர் ஊசியைத் தானாக நிறுத்திவிட வேண்டாம். எவ்வளவு காலம் போட்டிருக்கிறார் என்பதையும், அம்மாவுக்கு இருப்பதையும் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி, வேறு முறைக்கு மாறலாமா என்று கேட்கட்டும். அம்மா எப்போதாவது இத்தகைய மருந்து எடுத்திருந்தால் நிபுணரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் பெரியப்பாவுக்கும் ஒரு செய்தி. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் இந்தியாவின் முதல் மூளை நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. ராமமூர்த்தி தொடங்கினார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நம் மண்ணில் மண்டையைத் திறந்து, மூடி, மக்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.


தேனிமலர் | பன்னிரண்டு நாள் கழித்து, மாலை 6.15

நிபுணரைப் பார்த்துவிட்டு வந்தோம். அறிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு, குறுந்தகட்டைப் போட்டுப் படங்களை அவரே பார்த்தார். கட்டியின் விளிம்பில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது, அப்படிப்பட்டவை பெரும்பாலும் மெதுவாகவே வளரும் என்றார். மூளையில் வீக்கம் இல்லை, வலிப்பு இல்லை, கை கால் பலவீனம் இல்லை. ஆகவே இப்போது அறுவை வேண்டாம். ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன், மாற்றம் இல்லையென்றால் ஆண்டுக்கு ஒன்று, ஐந்தாண்டு அப்படியே இருந்தால் இரண்டு ஆண்டுக்கு ஒன்று என்றார். சிரைக்குப் பக்கத்தில் கேவர்னோமா இல்லை. அந்தச் சிரையைப் பற்றி நான் கேட்டதும், "அதை நீங்கள் மறந்துவிடலாம், ஆனால் வேறு எந்த மருத்துவரும் அதை எடுக்க முனையாமல் இருக்க அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள்" என்று சொன்னார்.

அம்மா தன் படத்தைத் தானே பார்க்க வேண்டும் என்று கேட்டார். நிபுணர் திரையில் காட்டினார். "இவ்வளவுதானா" என்றார் அம்மா. அதற்குப் பிறகு வீடு வரும் வரை மழையைப் பற்றியும், வீட்டில் ஊறவைத்துவிட்டு வந்த அரிசியைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார்.


கார்முகில் | அன்றே, இரவு 7.50

கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது, சகோதரி. நான்கு ஆண்டுப் பழக்கத்தில் ஒன்று சொல்கிறேன். இயன்றவரை அதே மையத்தில், அதே கருவியில் எடுங்கள்; பழைய குறுந்தகட்டைக் கையோடு கொண்டுபோய், அதோடு ஒப்பிட்டு மூன்று திசை அளவுகளையும் எழுதித் தரும்படி கேளுங்கள். ஒரு முறை வேறு மையத்தில் எடுத்தபோது என் கட்டி ஒரே ஆண்டில் 3 மி.மீ. வளர்ந்துவிட்டதாக எழுதினார்கள். பழைய படத்தை அருகில் வைத்து அளந்தபோது அளவில் மாற்றமே இல்லை, சாய்த்து அளந்திருக்கிறார்கள்.


நிழற்படம் | அன்றே, இரவு 9.20

அவர் சொல்வது முற்றிலும் சரி. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: வலிப்பு வந்தாலோ, வலது கையோ காலோ பலம் குறைந்தாலோ, பேச்சு தடுமாறினாலோ, காலையில் வாந்தியோடு தலைவலி தொடர்ந்தாலோ ஆறு மாதம் வரை காத்திருக்க வேண்டாம். நெற்றிப் பகுதி என்பதால், அம்மாவின் குணத்தில் வீட்டாருக்கு மட்டும் தெரியும் மாற்றம் எதுவும் வந்தாலும் அதையும் சொல்லுங்கள்: வழக்கமாகச் செய்யும் வேலையில் ஈடுபாடு இல்லாமை, காரணமில்லாத மந்தம் போன்றவை. அதை முதலில் கவனிக்கக்கூடியவர் நீங்கள்தான்.